தூக்க முடிந்த எடை: நெடும்பயணத்துக்கான இலகு டூயல்-ஸ்போர்ட் மோட்டார் சைக்கிள் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

1. முன்னுரை

1.1 ஆய்வுச் சிக்கல்

சென்னையிலிருந்து லே நகருக்கு மோட்டார் சைக்கிளில் புறப்படுபவர் ஒரு வழிக்கு மட்டும் 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். தில்லி வரையிலான ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் அகன்ற நெடுஞ்சாலை. மணாலிக்கு அப்பாலுள்ள கடைசி 430 கிலோமீட்டர் வேறோர் உலகம். அதிலும் பெரும்பகுதி இன்று தார் கண்டுவிட்டது. ஆனால் பனியுருகிய நீர் சாலையின் குறுக்கே ஓடும் இடங்கள், மண் சரிந்து உருளைக்கற்கள் கிடக்கும் வளைவுகள், முழங்கால் வரை புழுதி பறக்கும் மாற்றுப்பாதைகள் அங்கே இன்னும் இருக்கின்றன. ஸ்பிதிக்குச் செல்லும் கிராம்ஃபூ – பாதல் பாதையும், ஸன்ஸ்காரின் உட்பகுதிகளும் இதைவிடக் கடினமானவை.

ஆக, தூரத்தில் பத்தில் எட்டுப் பங்கு வேகத்தைக் கேட்கிறது. எஞ்சிய சிறு பங்கு இலகுவான எடையைக் கேட்கிறது. ஒரே வண்டி இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். எந்தப் பங்கை அளவுகோலாகக் கொண்டு வண்டியைத் தேர்ந்தெடுப்பது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் சிக்கல்.

1.2 கருதுகோள்

பயணத்தின் மிக நீளமான பகுதியைப் பார்த்து வண்டி வாங்கக் கூடாது. மிகக் கடினமான நூறு மீட்டரைப் பார்த்து வாங்க வேண்டும். அந்த நூறு மீட்டரில் வண்டி விழுந்தால், ஓட்டுபவர் ஒருவராகவே அதைத் தூக்கி நிறுத்த முடியுமா என்பதுதான் முதற்கேள்வி. சிசி, குதிரைத்திறன், உச்ச வேகம் எல்லாம் அதற்குப் பின் வர வேண்டியவை.

1.3 எல்லை

தனி ஒருவர், பின்னிருக்கையில் ஆளின்றி, தன் சுமையோடு செல்லும் பயணமே இங்கு ஆராயப்படுகிறது. இந்தியச் சந்தைக்கு வந்த, ஏறத்தாழ 150 முதல் 450 சிசி வரையிலான வண்டிகளே முதன்மையாகக் கொள்ளப்படுகின்றன. எடை, டேங்க் கொள்ளளவு முதலியவை தயாரிப்பாளர்கள் அறிவித்த அளவுகள்.

2. வகையும் வரலாறும்

2.1 டூயல்-ஸ்போர்ட் என்பது எது?

பதிவெண் பெற்று தார்ச்சாலையில் சட்டப்படி ஓடவும், சாலை முடிந்த இடத்தில் மண்ணிலும் கல்லிலும் தொடரவும் கூடியது டூயல்-ஸ்போர்ட் வண்டி. பெரிய முன்சக்கரம், நீண்ட சஸ்பென்ஷன், உயர்ந்த தரை இடைவெளி, குறைந்த எடை ஆகிய நான்கும் இதன் இலக்கணம். அட்வெஞ்சர் வண்டி எனப்படுவது இதன் உறவினர். பெரிய டேங்க், காற்றுத் தடுப்புக் கண்ணாடி, பெட்டி மாட்டும் வசதி ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு, அதற்கு விலையாக எடையை ஏற்றுக்கொண்டது.

2.2 இலகுவில் தொடங்கிய மரபு

1968-இல் விற்பனைக்கு வந்த யமஹா டிடி-1 என்னும் 250 சிசி வண்டிதான் இவ்வகையைப் பரவலாக்கியது. 1976-இல் அதே நிறுவனத்தின் எக்ஸ்டி500 வந்தது. 1978 டிசம்பர் இறுதியில் பாரிஸில் தொடங்கி 1979 ஜனவரியில் செனகலின் டாக்கரில் முடிந்த முதல் பாரிஸ்–டாக்கர் பந்தயத்தில், சிரில் நெவு அந்த ஒற்றை சிலிண்டர் வண்டியில்தான் வென்றார். 1980-இல் பி.எம்.டபிள்யூ. ஆர் 80 ஜி/எஸ் வந்ததும் காற்று திசை மாறியது. இரட்டை சிலிண்டர், பெரிய இன்ஜின், பெரிய பெட்டி என்று ஆண்டுக்காண்டு எடை ஏறியது. அதன் வழித்தோன்றலான ஆர் 1250 ஜி.எஸ். 249 கிலோ எடை கொண்டது.

டாக்கர் பந்தயமே எதிர்த்திசையில் நடந்தது. பாதுகாப்பு கருதி 2011 முதல் அங்கே 450 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு இடமில்லை. உலகின் மிகக் கடினமான பந்தயங்களுள் ஒன்று சிறிய இன்ஜினோடு நடக்கிறது என்பதைக் கடைக்குச் செல்லும் முன் நினைவில் கொள்வது நல்லது.

2.3 இந்தியக் கிளை

2011-இல் வந்த 150 சிசி ஹீரோ இம்பல்ஸ் இங்கே முன்னோடி. உடல் வலுவாக இருந்தும் இன்ஜின் போதவில்லை. 2016-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்ட் 411 சிசி ஹிமாலயனைக் கொண்டுவந்தது. 2019-இல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, 2021-இல் அதன் நான்கு வால்வு வடிவம், 2023-இல் 452 சிசி ஹிமாலயன், 2024 இறுதியில் கவாஸாகி கே.எல்.எக்ஸ். 230 என்று தேர்வு விரிந்தது. ஓசூரில் டி.வி.எஸ். ஆலையில் உருவான பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஜி.எஸ். உலகம் முழுதும் சென்றது. இப்பொருளில் தமிழகத் தொழிற்சாலைகளுக்குப் பங்கு உண்டு என்பது வெறும் பெருமைப் பேச்சன்று. உதிரிபாகமும் கைதேர்ந்த மெக்கானிக்கும் நமக்கு எளிதில் கிடைப்பதற்கு அதுவே ஒரு காரணம்.

2.4 நெடும்பயணச் சான்றுகள்

சிறிய வண்டி தூரத்துக்கு ஆகாது என்ற எண்ணத்தைப் பயணிகள் பலமுறை பொய்யாக்கியிருக்கிறார்கள். ஆங்கிலேயரான லோயிஸ் பிரைஸ் 225 சிசி யமஹாவில் அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடி வரை சென்றார். ஸ்டெஃப் ஜேவன்ஸ் 2014-இல் 250 சிசி ஹோண்டாவில் லண்டனிலிருந்து கிளம்பி ஏழு கண்டங்களிலும் ஓட்டித் திரும்பினார். நெதர்லாந்தைச் சேர்ந்த நோராலி ஸ்கூன்மேக்கர், 2018-இல் இந்தியாவில் வாங்கிய 411 சிசி ஹிமாலயனில் தன் நாடு வரை ஓட்டிச் சென்றார். மூவரும் தனியாகச் சென்றவர்கள். விழுந்த வண்டியைத் தாங்களே தூக்க வேண்டியவர்கள்.

3. எடை

3.1 அட்டவணை எடையும் பயண எடையும்

எக்ஸ்பல்ஸ் 200 4வி 159 கிலோ. ஹிமாலயன் 450 196 கிலோ. கே.எல்.எக்ஸ். 230 139 கிலோ. இவை விற்பனை அட்டவணையில் உள்ள எடைகள். ஓட்டுபவர், கவச உடை, ஹெல்மெட் எல்லாம் 75 கிலோ என்றும், பை, கருவிகள், தண்ணீர், இரும்புக் காவல் கம்பிகள் 25 கிலோ என்றும் கொண்டால் பயண எடை முறையே 259, 296, 239 கிலோ ஆகிறது. வண்டிக்கும் வண்டிக்கும் உள்ள வேறுபாட்டைச் சுமையே விழுங்கிவிடக்கூடும். இலகு வண்டி வாங்கி அதன் மேல் 40 கிலோ பெட்டியை ஏற்றுபவர் இலகு வண்டி வாங்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

3.2 விழுந்த வண்டியின் கணக்கு

விழுந்த வண்டியைத் தூக்குவது நெம்புகோல் வேலை. டயர்கள் தரையைத் தொடும் கோடு சுழலும் அச்சு. கை பிடிக்கும் ஹேண்டில்பார் மறுமுனை. எடையின் மையம் இரண்டுக்கும் ஏறத்தாழ நடுவில். எனவே முதல் உந்தலில் மொத்த எடையில் பாதியளவைத் தூக்கும் வலு தேவை. வண்டி நிமிர நிமிர இது குறையும். சுமையோடு கிடக்கும் எக்ஸ்பல்ஸுக்கு இது 90 கிலோ அளவில் இருக்கும். ஹிமாலயன் 450-க்கு 110 கிலோ. 249 கிலோ ஜி.எஸ். முழுப் பெட்டிகளோடு விழுந்தால் 140 கிலோவைத் தாண்டும். சக்கரம் மேட்டிலும் ஹேண்டில்பார் பள்ளத்திலும் இருக்குமாறு விழுந்தால் கணக்கு இன்னும் மோசமாகும்.

வேறுபாடு 20 கிலோதானே என்று தோன்றலாம். ஒருமுறை தூக்குபவருக்கு அது 20 கிலோ. ஒரே நாளில் ஐந்தாம் முறை தூக்குபவருக்கு, தூக்க முடிவதற்கும் முடியாமல் உட்கார்ந்துவிடுவதற்கும் இடையேயான கோடு அது.

3.3 மூச்சின் பங்கு

இந்தக் கணக்கு கடல்மட்டத்துக்கானது. லேவுக்கு அப்பாலுள்ள கர்துங் லா கணவாயின் உயரம் 5,359 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. சென்னையில் மூச்சு வாங்காமல் வண்டியை நிமிர்த்துபவர் அங்கே ஒருமுறை நிமிர்த்திவிட்டுப் பாறையில் சாய்ந்து உட்கார்வார். அதனால்தான் எடையை இன்ஜினின் சிக்கலாக மட்டும் பார்க்கக் கூடாது. அது முதலில் மனித உடலின் சிக்கல்.

4. உயரமும் ஆற்றலும்

4.1 காற்று குறையும்போது

இன்ஜினும் மூச்சுவிடும் பொருளே. 5,359 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 58 விழுக்காடு. இன்ஜின் தரும் ஆற்றலும் ஏறத்தாழ அந்த விகிதத்துக்கு இறங்கும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் மிகுந்து, கரும்புகை கக்கி இன்ஜின் திணறும். இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கலவையைச் சரிசெய்துகொள்ளும். இல்லாத காற்றை அதனாலும் கொண்டுவர முடியாது.

4.2 ஓர் ஒப்பீடு

19 குதிரைத்திறன் கொண்ட எக்ஸ்பல்ஸ் அந்த உயரத்தில் 11 குதிரைத்திறன் அளவுக்கு இறங்குகிறது. 259 கிலோ பயண எடையை வைத்துப் பார்த்தால், டன்னுக்கு 42 குதிரைத்திறன். சமவெளியில் 8 குதிரைத்திறன் கொண்ட ஹீரோ ஸ்ப்ளெண்டர், அதே ஆளையும் சுமையையும் ஏற்றிச் செல்லும்போது டன்னுக்கு 38. கர்துங் லாவில் எக்ஸ்பல்ஸ், நம்மூர்ச் சாலையில் மூட்டையோடு போகும் ஸ்ப்ளெண்டரைப் போல இழுக்கும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஏறும், அவசரப்படாமல் ஏறும்.

40 குதிரைத்திறன் கொண்ட ஹிமாலயன் 450 அங்கே 23 ஆகக் குறைகிறது, டன்னுக்கு 78. சமவெளியில் எக்ஸ்பல்ஸின் அளவு 73. ஆக, ஹிமாலயன் மேலே சென்று எக்ஸ்பல்ஸ் ஆகிறது. எக்ஸ்பல்ஸ் மேலே சென்று ஸ்ப்ளெண்டர் ஆகிறது.

4.3 இதிலிருந்து பெறுவது

ஏற்றத்துக்குப் போதுமான ஆற்றல் சிறிய வண்டியிலும் இருக்கிறது. மிச்சம் இல்லை, அவ்வளவே. பின்னால் ஒருவரை ஏற்றினால் அந்தப் போதுமையும் போய்விடும். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லைக் குறைத்தால் முதல் கியரின் இழுவை கூடும். கிளட்ச் தேய்வது குறையும். நெடுஞ்சாலை வேகம் சற்று இறங்கும். செலவு சிறிது, பயன் பெரிது.

5. எரிபொருள் வீச்சு

5.1 365 என்னும் எண்

மணாலி – லே வழியில், கேலாங்குக்குச் சற்று முன்னுள்ள தாண்டி என்னும் ஊரின் பெட்ரோல் பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்ற பலகை நெடுங்காலம் நின்று பயணிகளிடையே புகழ்பெற்றது. டேங்க் தேர்வுக்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடையாது.

5.2 வண்டிவாரியாக

ஏற்றத்திலும் சிறு கியரிலும் மைலேஜ் விழும் என்பதால் குறைவான மதிப்பையே கொள்வோம். எக்ஸ்பல்ஸ்: 13 லிட்டர், லிட்டருக்கு 30 கிலோமீட்டர், மொத்தம் 390. எல்லையைத் தாண்டுகிறது, 25 கிலோமீட்டர் மிச்சத்தோடு. ஹிமாலயன் 450: 17 லிட்டர், லிட்டருக்கு 25, மொத்தம் 425. கே.டி.எம். 390 அட்வெஞ்சர்: 14.5 லிட்டர், லிட்டருக்கு 25, மொத்தம் 362. கோட்டின் மேலேயே நின்றுவிடுகிறது. கே.எல்.எக்ஸ். 230: 7.6 லிட்டர், லிட்டருக்கு 30, மொத்தம் 228. பாதி வழியைத் தாண்டி நிற்கும்.

ஐந்து லிட்டர் கேன் ஒன்று நான்கு கிலோ அளவில் எடை கூட்டி, சிறிய வண்டிக்கு 150 கிலோமீட்டர் வீச்சைத் தருகிறது. எனவே சிறிய டேங்க் என்பது தீராத குறையன்று. ஆனால் கேனைக் கட்டும் இடம், கசியாத மூடி, வெயில்படாத வைப்பு ஆகியவற்றைப் புறப்படும் முன்பே சோதித்தாக வேண்டும்.

6. உடலமைப்பு

6.1 சக்கரம்

21 அங்குல முன்சக்கரம் கல்லை மோதும் கோணம் 17 அங்குலச் சக்கரத்தைவிடச் சாய்வானது. எனவே கல்லில் முட்டி நிற்காமல் அதன் மேல் உருண்டு ஏறுகிறது. எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன், கே.எல்.எக்ஸ். மூன்றிலும் முன்சக்கரம் 21 அங்குலம். அலாய் சக்கரம் பெரிய அடியில் விரிசல் காணக்கூடும். ஸ்போக் சக்கரம் வளையும், வளைந்ததைத் தட்டி நிமிர்த்தி ஊர் போய்ச் சேரலாம்.

6.2 சஸ்பென்ஷனும் தரை இடைவெளியும்

எக்ஸ்பல்ஸின் முன் சஸ்பென்ஷன் 190 மி.மீ. இயங்கும், ஹிமாலயன் 450-இல் 200 மி.மீ. தரை இடைவெளி முறையே 220, 230 மி.மீ. மணாலி – லே, ஸ்பிதி வழிகளுக்கு இவை போதுமானவை. இதற்கு மேல் உள்ளவை பந்தயத்துக்குப் பயன்படுபவை.

6.3 சீட் உயரம்

நடைமுறையில் மிகுதியாகப் புறக்கணிக்கப்படும் அளவு இது. எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் 450 இரண்டும் 825 மி.மீ.; கே.எல்.எக்ஸ். 880, எக்ஸ்பல்ஸின் ப்ரோ வடிவம் 891. ஓடையின் நடுவே, வழுக்கும் கல்லின் மேல், ஒரு காலை உறுதியாக ஊன்ற முடியாவிட்டால் மற்ற எந்தச் சிறப்பும் உதவாது. உயரமான வண்டியில் ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து ஒற்றைக் கால் ஊன்றப் பழகலாம். ஆனால் அதை ஊரிலேயே பழகியிருக்க வேண்டும். பனியுருகும் ஓடைகளில் காலையில் கணுக்கால் அளவு ஓடும் நீர் பிற்பகலில் முழங்காலைத் தொடும். அப்பகுதிகளில் சில ஓடைகளுக்குப் ‘பாகல் நாலா’, அதாவது பைத்தியக்கார ஓடை, என்றே பெயர்.

7. பழுதும் பராமரிப்பும்

நெடும்பயணத்தில் நல்ல வண்டி என்பது கெடாத வண்டியன்று. கெட்டால் வழியிலேயே சரிசெய்ய முடிந்த வண்டி. அதற்கு மூன்று சோதனைகள் உண்டு.

முதலாவது, பஞ்சர். ட்யூப் டயர் கொண்ட ஸ்போக் சக்கரத்தை ஓட்டுபவரே கழற்றி, டயரை நெம்பி, ட்யூபை மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். 21 அங்குல ட்யூப் ஒன்றைக் கையில் வைத்திருந்தால், ஆபத்துக்கு அதையே பின்சக்கரத்திலும் திணித்து அடுத்த ஊர் வரை செல்லலாம். ட்யூப்லெஸ் டயரானால் சக்கரத்தைக் கழற்றாமலே ஒட்டிவிடலாம்.

இரண்டாவது, உதிரிபாகம். கிளட்ச் கேபிள், கிளட்ச் லீவர், பிரேக் லீவர், செயின் லிங்க், ஃப்யூஸ் ஆகியவை பையில் ஒரு கிலோவுக்குள் அடங்கும். வழியில் இருக்கும் சிற்றூர் மெக்கானிக்குக்கு அந்த இன்ஜின் பழக்கமானதா என்பதும் கேள்வி. காற்று, ஆயில் ஆகியவற்றால் குளிரும் எளிய இன்ஜின் இங்கே ஒரு படி முன்னே நிற்கிறது. ரேடியேட்டர் உள்ள வண்டிக்கு அதைக் கல்லடியிலிருந்து காக்கும் வலை கட்டாயம்.

மூன்றாவது, விழுந்து எழும் திறன். கை காப்பு, இன்ஜினுக்கு அடித்தகடு, பக்கக் கம்பி ஆகிய மூன்றும் இருந்தால் சாதாரண விழுதல் பயணத்தை நிறுத்தாது. இவை எடை கூட்டுபவை என்றாலும் கூட்டத் தகுந்தவை.

8. எதிர்வாதமும் விடையும்

8.1 நெடுஞ்சாலைக் கேள்வி

இதுவரை சொன்னதற்கு நேர்மையான மறுப்பு ஒன்று உண்டு. ஐந்து கியர் கொண்ட 200 சிசி வண்டி மணிக்கு 80 கிலோமீட்டர் வரை சுகமாக ஓடும். அதற்கு மேல் அதிரும். 44-ஆம் தேசிய நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே நான்கைந்து நாள் அப்படி ஓட்டுவது களைப்பு. களைப்பும் ஆபத்துதான். ஹிமாலயன் 450 போன்ற வண்டி 100 கிலோமீட்டரில் அமைதியாக ஓடும். முந்தும்போது கையில் ஆற்றல் மிச்சமிருக்கும்.

8.2 விடை

இம்மறுப்பின் உண்மையை ஏற்க வேண்டும். ஆனால் நெடுஞ்சாலைக் குறைக்கு மாற்று வழிகள் உண்டு. மலையில் எடைக்கு மாற்று கிடையாது. தினமும் 350 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொண்டு இரண்டு நாள் கூடுதலாக எடுக்கலாம். விடுமுறை குறைவானவர்கள் வண்டியை ரயில் பார்சலில் தில்லிக்கு அனுப்பிவிட்டு அங்கிருந்து தொடங்கலாம். பெட்ரோலை வடித்துவிட்டு, ஆர்.சி. நகலோடு பார்சல் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். இப்படி எதையும் செய்து எடையுள்ள வண்டியை ஓடைக்கு நடுவே இலகுவாக்க முடியாது.

9. முடிவுகள்

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

ஒன்று: முதன்முறை மலைக்குச் செல்பவர், தனியாகச் செல்பவர், உடல்வலு நடுத்தரமானவர் ஆகியோருக்கு எக்ஸ்பல்ஸ் வகையே முதல் தேர்வு. டேங்க், சீட் உயரம், எடை, எளிய இன்ஜின் ஆகிய நான்கும் அதில் ஒருங்கே பொருந்துகின்றன. ஆற்றல் குறைவு என்பது பொறுமையால் ஈடுசெய்யத்தக்கது.

இரண்டு: வீட்டு வாசலிலிருந்து முழுத் தூரத்தையும் ஓட்டியே தீர வேண்டும் என்பவருக்கும், மண்பாதையில் ஏற்கனவே பழகியவருக்கும் ஹிமாலயன் 450 தகும். அவர் சுமையை 20 கிலோவுக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை.

மூன்று: கே.எல்.எக்ஸ். போன்ற 140 கிலோ வண்டி, கால் எட்டுபவருக்கு, பாதையற்ற பாதைகளையே நாடுபவருக்கு உரியது. மலையடிவாரம் வரை அதை வேறு வாகனத்தில் கொண்டுசெல்வதே முறை.

இவற்றுக்கெல்லாம் மேலாக, வாசகரிடம் வைக்கும் வேண்டுகோள் ஒன்று. முன்பணம் கட்டும் முன் அந்த வண்டியை வைத்திருக்கும் நண்பரிடமோ வாடகைக்குத் தருபவரிடமோ ஒரு நாள் கேட்டு வாங்குங்கள். பயணத்துக்கு எடுத்துச் செல்லவிருக்கும் அத்தனை சுமையையும் அதில் கட்டுங்கள். புல்தரையிலோ மணலிலோ மெல்லச் சாய்த்துப் படுக்க வையுங்கள். பிறகு யார் உதவியும் இல்லாமல் தூக்கி நிறுத்துங்கள். சற்று இளைப்பாறி மறுபக்கமாகவும் ஒருமுறை. இரண்டு முறையும் நிமிர்ந்தால் அது உங்கள் வண்டி. நிமிராவிட்டால் சுமையைக் குறையுங்கள், அல்லது வண்டியை மாற்றுங்கள்.